சராசரிக்குள் தொலையும் கிணறுகள்: புள்ளிப்படத்தின் கதையும் பாலாற்றின் கதையும்

ஆம்பூர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரியாணி. அடுத்தது ஷூ கம்பெனிகள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தெரியும்: ஜன்னலை இறக்கிவிட்டாலும் பெட்டிக்குள் நுழைந்துவிடும் தோல் வாடை. இவற்றோடு நான்காவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒரு எண்.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அன்றைய வேலூர் மாவட்டத்தில் தோல் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போனவர்கள் என்று 29,193 பேரை ஓர் ஆணையம் கணக்கில் எடுத்தது. 547 தோல் பதனிடும் ஆலைகள் சேர்ந்து இவர்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 9,187 ரூபாய்.

இந்த 9,187 என்பது சராசரி. சரியாக இவ்வளவு தொகைக்கு உரியவர் ஒருவராவது அந்த 29,193 பேரில் இருப்பாரா என்பதே சந்தேகம். ஐந்து ஏக்கர் தென்னை கருகியவரும் இதற்குள் இருக்கிறார், அரை ஏக்கர் மேட்டுநிலம் உவர்ந்துபோனவரும் இதற்குள் இருக்கிறார். சராசரி இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

புள்ளியியலில் இதற்கு ஒரு பழைய மாற்று உண்டு. ஒவ்வொரு அளவையும் ஒரு புள்ளியாக, அது இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்துவிடுவது. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் இதை டாட் பிளாட் என்கின்றன. தமிழில் புள்ளிப்படம் எனலாம். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை வேலை போலத் தெரியும். ஆனால் இதன் கதை நூற்றைம்பது வருடக் கதை. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கும் அந்தக் கதைக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது: கடைசியில் நட்டம் யார் தலையில் விடிகிறது?

சவரன் தந்த முதல் பாடம்

நகைக்கடையில் 'ஒரு சவரன்' என்று கேட்கிற யாரும் இங்கிலாந்து ராணியை நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் வந்தது சாவரின் என்ற ஆங்கிலத் தங்க நாணயத்தின் பெயரிலிருந்துதான். இன்று 8 கிராம் என்று வைத்துக்கொள்கிறோம். அசல் நாணயத்தின் எடை 7.9876 கிராம்.

புதிதாக அச்சான நாணயம் அந்த எடையில் இருக்கும். கைமாறி, பையில் உரசி, கல்லாப்பெட்டியில் விழுந்து எழுந்து, வருடங்கள் போகப் போகத் தேயும். 7.9379 கிராமுக்குக் கீழே போய்விட்டால் சட்டப்படி அது செல்லாது. அப்படிப்பட்ட நாணயம் கடைசியாக யார் கையில் இருக்கிறதோ, நட்டம் அவருக்குத்தான். நாற்பது வருடமாக அதைத் தேய்த்தவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்தார். இளவயதில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நாணயச்சாலையில் தங்கத்தின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர், பிறகு மான்செஸ்டரில் பேராசிரியரானார். அந்த நகரில் புழக்கத்தில் இருந்த 274 சவரன்களைச் சேகரித்து, சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் ஆயிரத்தில் ஒரு கிராம் துல்லியத்தில் நிறுத்தார். அச்சான ஆண்டையும் குறித்துக்கொண்டார். ஆய்வு 1868-இல் வெளியானது. வயதுவாரியாக அவர் பிரித்த கணக்கு இன்றும் புள்ளியியல் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காக இருக்கிறது.

இரண்டாவது பத்தாண்டைச் சேர்ந்த 78 நாணயங்களின் சராசரி எடை 7.9503 கிராம். சட்ட வரம்புக்கு மேல்தான். ஆகவே 'இந்த வயது நாணயங்கள் செல்லும்' என்று சொல்லிவிடலாமா? முடியாது. அவற்றில் மிகவும் தேய்ந்தது 7.892 கிராம். வரம்புக்கு நன்றாகக் கீழே.

மறுபக்கம், ஐந்தாவது பத்தாண்டைச் சேர்ந்த 24 நாணயங்களின் சராசரி 7.8730 கிராம். வரம்புக்குக் கீழே. ஆனால் அவற்றில் அதிக எடையுள்ளது 7.961 கிராம், வரம்புக்கு மேலே! யாரோ பானைக்குள் போட்டுப் பல வருடம் எடுக்காமல் வைத்திருந்த நாணயமாக இருக்கலாம்.

சராசரி செல்லும் என்று சொன்ன கூட்டத்தில் செல்லாத காசு இருந்தது, செல்லாது என்று சொன்ன கூட்டத்தில் செல்லும் காசு இருந்தது. நாணயத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டியது அவருடைய நாணயத்தின் எடை. ஊரின் சராசரி எடையை வைத்து அவர் என்ன செய்வார்?

ஜெவன்ஸ் 1882-இல் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்துபோனார். நாணயம் பற்றிய அவருடைய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 1884-இல் நூலாக வந்தன. நாணய எடைகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் காட்டிய அந்த நூலின் படம், புள்ளிப்படத்தின் ஆரம்பகால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகப் பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது.

பாலாறும் உப்பும்

இனி பாலாற்றுக்கு வரலாம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது பாலாறு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். அதனால் இந்தப் பகுதியின் விவசாயமும் குடிநீரும் கிணற்றையும் ஊற்றையும் நம்பியவை. ஆற்றுநீர் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் கெட்டால் வாயில் வைத்தால்தான் தெரியும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் முக்கியப் பொருட்கள். வாரக்கணக்கில் தோல் தொட்டிகளில் ஊறும். 1970-களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பினால் அன்னியச் செலாவணி கூடும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. குரோம் பதனிடும் முறை பரவியது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாட்களுக்குச் சுருங்கியது. இந்தியாவின் முடித்த தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டினுடையது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் மாதச் சம்பளம் பார்த்தது இந்த ஷூ கம்பெனிகளில்தான். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

செலவு வேறு இடத்தில் எழுதப்பட்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும், சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பலரும் குரோமியத்தை மட்டுமே வில்லனாக நினைக்கிறார்கள். அது ஒரு பங்குதான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் ஆலைக்கு வரும். முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. குரோமியத்தைக் கழிவிலிருந்து படியவைத்து எடுத்துவிட வழி உண்டு. கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. சாதாரண சுத்திகரிப்பைத் தாண்டி அது அப்படியே போகும். நிலத்தடியில் இறங்கும். கிணற்றில் ஏறும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

சவரனுக்கு 7.9379 என்ற கோடு எப்படியோ, கிணற்றுக்கு 2,000 என்ற கோடு அப்படி. நாணயம் தேய்ந்து கோட்டுக்குக் கீழே போகும், கிணறு உவர்ந்து கோட்டுக்கு மேலே போகும். இரண்டிலும் கடைசியாகக் கையில் வைத்திருப்பவர்தான் நட்டப்படுகிறார். தேய்த்தவர்கள் வேறு யாரோ.

பத்து கிணறுகள், ஒரு சராசரி

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஊரில் பத்து கிணறுகள். ஏழு கிணறுகள் கழிவு வாய்க்காலுக்கு மேற்பக்கம், மேட்டில். மூன்று கிணறுகள் கீழ்ப்பக்கம், பள்ளத்தில். டி.டி.எஸ். அளவுகள் இவை:

மேட்டில்: 600, 700, 800, 900, 900, 1,000, 1,100.
பள்ளத்தில்: 4,000, 4,800, 5,200.

பத்தையும் கூட்டினால் 20,000. சராசரி 2,000. வரம்பு 2,000. அதிகாரியின் அறிக்கையில் 'இவ்வூர் நிலத்தடி நீர் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது' என்று எழுதலாம். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை!

ஆனால் இந்த ஊரில் 2,000 அளவுள்ள கிணறு ஒன்றுகூடக் கிடையாது. 2,000-க்குப் பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை. இடைநிலை அளவை எடுத்தால் இன்னும் மோசம்: 950 வரும். ஊர் நன்றாகவே இருக்கிறது என்று தோன்றும்.

இதையே புள்ளிப்படமாக வரைந்தால்? கீழே 0 முதல் 6,000 வரை ஒரு கோடு. இடதுபக்கம் ஏழு புள்ளிகள் நெருக்கமாக, 900-இல் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. பிறகு நீண்ட வெற்றிடம். வலதுபக்கக் கோடியில் மூன்று புள்ளிகள். 2,000-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் அது அந்த வெற்றிடத்தின் நடுவே நிற்கும். ஒரு ஊருக்குள் இரண்டு ஊர் இருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த இடைவெளிக்கு என்ன காரணம் என்ற கேள்வி தானாக எழும்.

புள்ளிப்படம் எந்தக் கிணற்றையும் தள்ளிவிடுவதில்லை. பத்து கிணறு என்றால் பத்து புள்ளி. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கணினி வந்தபோது நடந்த தவறு

கையால் வரைந்த காலத்தில் புள்ளியை அதன் சரியான இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்கும் போலிருந்தால் மட்டும் லேசாக நகர்த்தினார்கள், அல்லது மேலே அடுக்கினார்கள். கண் பார்த்துச் செய்த வேலை அது.

பிறகு கணினி வந்தது. 1968-இல் எஸ்.பி.எஸ்.எஸ்., 1972-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மினிடாப் என்று புள்ளியியல் மென்பொருள்கள் பிறந்தன. மினிடாப் ஆரம்பகாலத்தில் புள்ளிப்படத்தை வெறும் எழுத்துகளாலேயே அச்சடித்தது. ஒரு அளவுக்கு முற்றுப்புள்ளி, இரண்டு அளவு ஒரே இடத்தில் விழுந்தால் முக்காற்புள்ளி! பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் மாணவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பல மென்பொருள்கள் குறுக்குவழியில் போயின. எண்களைச் சம அளவுள்ள பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுகிறது என்று எண்ணி, அத்தனை புள்ளிகளை அடுக்கிவிட்டன. இது பள்ளிக்கூடத்தில் படிக்கும் நிகழ்வுச் செவ்வகமேதான். செவ்வகத்துக்குப் பதில் புள்ளி, அவ்வளவே. 1,000 முதல் 2,000 வரை ஒரு பிரிவு என்றால் 1,001-உம் 1,999-உம் ஒரே அடுக்கில் நிற்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 999-உம் 1,001-உம் வெவ்வேறு அடுக்குக்குப் போய்விடும். அண்ணன் தம்பியைப் பிரித்து, அறிமுகம் இல்லாதவர்களை ஒரே வீட்டில் குடிவைத்த கதை.

இதைக் கேள்வி கேட்டவர் லேலண்ட் வில்கின்சன். சிஸ்டாட் என்ற புள்ளியியல் மென்பொருளை உருவாக்கியவர். 1999-இல் அமெரிக்கப் புள்ளியியல் இதழ் ஒன்றில் புள்ளிப்படம் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். ஜெவன்ஸ் போன்றவர்களின் கையால் வரைந்த படங்களை எடுத்துக்காட்டி, கணினிகள் அவற்றின் விதியைப் பின்பற்றவில்லை என்றார். குறை சொன்னதோடு நிற்காமல் மாற்று வழியையும் கொடுத்தார்.

அவருடைய வழி எளிது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும். முதல் எண்ணில் தொடங்கி, ஒரு புள்ளியின் அகலத்துக்குள் எத்தனை எண்கள் அடங்குகின்றனவோ அவற்றை ஒரே அடுக்காக வைக்க வேண்டும். அதைத் தாண்டிய முதல் எண்ணில் அடுத்த அடுக்கு தொடங்கும். எல்லையை முன்கூட்டியே யாரும் கிழிப்பதில்லை. எண்கள் இருக்கும் இடமே எல்லையைத் தீர்மானிக்கிறது. நடுவில் எண் இல்லை என்றால் வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும்.

அதே ஆண்டில் அவர் எழுதிய 'கிராஃபிக்ஸின் இலக்கணம்' பற்றிய நூலின் பெயரிலிருந்துதான் ஜிஜிபிளாட் என்ற புகழ்பெற்ற வரைபடத் தொகுப்பின் பெயர் வந்தது. 2012-இல் அந்தத் தொகுப்பில் புள்ளிப்படம் சேர்க்கப்பட்டபோது வில்கின்சனின் முறையே இயல்பான முறையாக வைக்கப்பட்டது. வில்கின்சன் 2021-இல் காலமானார்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் கிளீவ்லாந்து. 1984-இல் அவர் முன்வைத்ததும் புள்ளிப்படம் என்றே அழைக்கப்படுகிறது, ஆனால் அது வேறு. இடதுபக்கம் பெயர்களின் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு புள்ளி. பட்டை வரைபடத்துக்கு மாற்று அது. நீளத்தையும் கோணத்தையும் விட, ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தைக் கண் துல்லியமாகப் படிக்கிறது என்பதை அவரும் ராபர்ட் மெக்கில்லும் சோதனைகள் மூலம் காட்டினார்கள். கிணறு எங்கெல்லாம் கூட்டமாக இருக்கிறது என்று பார்க்க ஜெவன்ஸ் வகை. எந்தக் கிணறு எவ்வளவு என்று பெயரோடு பார்க்க கிளீவ்லாந்து வகை.

நீதிமன்றத்தில் புள்ளிகள்

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மனுதாரர்கள் தரப்பில் வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், சந்தேகம் இருக்கும்போது முன்னெச்சரிக்கையே முதன்மை என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு என்பதால் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு வகையான எண்கள் இருக்கின்றன. ஒன்று பெரிய எண்: வேலூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது. இதைக் கேட்டால் மலைப்பு வரும், ஆனால் யாருடைய நிலம் என்று தெரியாது.

இன்னொன்று எண்ணி எடுத்த எண். இது திண்டுக்கல் பக்கத்துத் தோல் பட்டையைச் சேர்ந்தது. 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. மொத்தம் 467 கிணறுகள். அவற்றில் 350 மாசுபட்டிருந்தன. நான்கில் மூன்று பங்கு.

இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் நிற்பது ஒரு புள்ளிப்படம்தான், யாரும் வரையாவிட்டாலும். 467 புள்ளிகள், ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் 350. எந்தப் புள்ளியைக் காட்டிக் கேட்டாலும் அந்தக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகலாம். நீதிமன்றத்தில் 'சராசரி பாதிப்பு' என்று எதிர்த்தரப்பு வாதாடினால், இந்தப் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

இழப்பீடு என்று வந்துவிட்டால் சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பணத்தை வாங்கப்போவது மாவட்டம் அல்ல, ஆள். அதனால்தான் தீர்ப்பைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம், பாதிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காண வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் 29,193 என்ற பட்டியல். 2009-இல் இரண்டாவது தீர்ப்பும் ஆணையத்திடமிருந்து வந்தது.

பட்டியல் போட்டதும் கதை முடிந்துவிடவில்லை. வழக்குகள் தொடர்ந்தன. மாசும் தொடர்ந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு சொன்னது: 2001, 2009 தீர்ப்புகளின்படி இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும்.

1991-இல் வழக்கு, 2001-இல் பட்டியல், 2025-இல் 'இன்னும் கிடைக்காதவர்கள்'. கொடுத்த தொகையின் கூட்டுத்தொகையைச் சொன்னால் பெரும்பகுதி முடிந்தது போலத் தோன்றும். ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, கிடைத்தது ஒரு நிறம், கிடைக்காதது ஒரு நிறம் என்று வரைந்தால்தான் மீதி யார் என்று தெரியும்.

வரையும்போது கவனிக்க வேண்டியவை

இன்று புள்ளிப்படம் வரையக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கிய 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம். அதன் முதல் முழுப்பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. அரசுக் கல்லூரிக் கணினி அறையிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் சில பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, மறையும் புள்ளி. ஆர் மென்பொருளில் ஸ்ட்ரிப்சார்ட் என்ற கட்டளை உண்டு. அதை அப்படியே கொடுத்தால் ஒரே அளவுள்ள புள்ளிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்துவிடும். மேலே சொன்ன கற்பனை ஊரில் 900 அளவுள்ள இரண்டு கிணறுகள் ஒரே புள்ளியாகத் தெரியும். பத்து கிணறு ஒன்பதாகிவிடும். அடுக்கிக் காட்டச் சொல்லியோ, லேசாகச் சிதறவைக்கச் சொல்லியோ தனியாகக் கேட்க வேண்டும். வரைந்து முடித்ததும் புள்ளிகளை ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.

இரண்டாவது, கோடு. வரம்பைக் குறிக்கும் கோடு இல்லாமல் புள்ளிகளை மட்டும் காட்டினால் படம் அழகாக இருக்கும், அர்த்தம் இருக்காது. எந்த வரம்பு என்றும் எழுத வேண்டும். குடிநீருக்கு 500, 2,000. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீருக்கு வைக்கப்பட்ட 2,100 வேறு வரம்பு. இரண்டையும் குழப்பினால் வாதம் அங்கேயே உடையும்.

மூன்றாவது, காலம். மழைக்கு முன் எடுத்த அளவையும் மழைக்குப் பின் எடுத்த அளவையும் ஒரே வரிசையில் கலந்தால் கிணறு கெட்டதா, கோடைதான் காரணமா என்று தெரியாது. இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரே அளவுகோலில் மேலும் கீழுமாக வைக்க வேண்டும்.

நான்காவது, எல்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. 2018-இன் வேலூர்ச் சராசரியையும் 2020-இன் வேலூர்ச் சராசரியையும் பக்கத்தில் வைத்து, தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். தண்ணீர் மாறியிருக்காது, மாவட்டம்தான் மாறியிருக்கும். கிணறுகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தால் எந்த அரசாணையாலும் அதை நகர்த்த முடியாது.

ஐந்தாவது, எண்ணிக்கை. 467 புள்ளிகளை ஒரு தாளில் வைக்கலாம். 29,193 புள்ளிகளை வைத்தால் கரிப்பிடித்த மாதிரி ஆகிவிடும். அப்போது ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்கு ஒரு படம் போடுவதுதான் வழி. புள்ளிப்படம் பெரிய கூட்டத்துக்கு ஏற்றதல்ல என்று பாடப்புத்தகங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பெரிய கூட்டம் என்பது பல சிறிய கூட்டங்கள்தானே.

புள்ளியால் முடியாதது

புள்ளிப்படத்தைப் பெரிய மருந்தாக நினைத்துவிடக் கூடாது. ஒரு கிணறு ஏன் உவர்ந்தது என்பதை அது சொல்லாது. பாறையில் இயற்கையாகவே உப்பு இருக்கலாம். உரம் காரணமாக இருக்கலாம். ஆலை காரணமாக இருக்கலாம். அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

அளக்காத கிணற்றுக்கும் அதில் இடமில்லை. மாதிரி எடுக்க வந்தவர் ரோட்டோரக் கிணற்றோடு திரும்பிவிட்டால், வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் கிணறு படத்தில் வரவே வராது. சராசரி ஒரு கிணற்றை மறைக்கிறது என்றால், போகாத கால் இன்னொரு கிணற்றை மறைக்கிறது. முன்னதை மென்பொருளால் சரிசெய்யலாம். பின்னதை நடந்துதான் சரிசெய்ய வேண்டும். திண்டுக்கல் பக்கம் 467 கிணறுகளைப் பார்த்தவர்கள் செய்த வேலை அதுதான்.

ஜெவன்ஸ் 274 நாணயங்களையும் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். அவருக்குக் கணினி இல்லை. ஒரு நாணயம்கூட விட்டுப்போகக் கூடாது என்ற பிடிவாதம் இருந்தது. இன்று ஒரு கட்டளையில் படம் வந்துவிடுகிறது. ஆனால் அடுத்த முறை 'மாவட்டத்தின் சராசரி டி.டி.எஸ்.' என்று ஒரு எண் செய்தித்தாளில் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி பழையதுதான்: எத்தனை கிணறுகள், அவை எங்கே இருக்கின்றன, கோட்டைத் தாண்டியவை எத்தனை?